பாரிஸில் எழுதப்பட்ட ஊர்க்கணக்கு

பாரிஸ் மாநகரின் கிழக்கெல்லையை ஒட்டினாற்போல் இருக்கும் மோந்த்ரோய் என்னும் ஊரில், ஒரு காலத்தில் பியானோ வாத்தியங்கள் செய்யும் தொழிற்சாலையாக விளங்கிய பழைய கட்டிடம் ஒன்று, 1968ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கத் தொழிலாளர் தங்கும் விடுதியாக மாற்றப்பட்டது. பாரா வீதி விடுதி என்று பெயர் பெற்ற அந்த இடத்தில், ஓர் அறைக்குப் பல கட்டில்கள் என்ற நெருக்கடிக்கிடையே ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக் காலம் தலைமுறை தலைமுறையாகத் தங்கியவர்களில் பெரும்பாலோர், மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி தேசத்தின் மேற்குக் கோடியிலுள்ள கயேஸ் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள். அவர்களிலும் மிகுதியானவர்கள் சோனின்கே என்னும் மொழியைப் பேசும் ஜனங்கள். முற்றத்தில் தட்டார்கள் நகை செய்ய, தையற்காரர்கள் அங்கி தைக்க, சமையற்கூடத்தில் பெரிய அண்டாக்களில் சோறும் வேர்க்கடலைக் குழம்பும் கொதிக்க, அந்நிய நகரத்தின் நடுவில் ஒரு கிராமம் குடியேறியிருந்தது என்றே சொல்லவேண்டும்.

விடியற்காலையில் தெருக்கூட்டவும், கட்டிட வேலைக்கும், ஹோட்டல்களில் பாத்திரம் துலக்கவும் புறப்பட்டுப் போகும் இம்மனிதர்கள், ஓய்வு நாளில் ஊர்வாரியாகக் கூடுவார்கள். மூத்தவர்கள் கட்டிலின்மீது அமர, இளையவர்கள் சுவரோரம் நிற்க, பொருளாளர் ஒரு நோட்டுப்புத்தகத்தைத் திறந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார். இந்த மாதச் சந்தாவைக் கட்டியவன் பெயருக்கு நேராக ஓர் அடையாளம் விழும்; கட்டாதவன் காரணம் சொல்லவேண்டும்; கூட்டத்துக்கே வராதவனுக்கு அபராதம் உண்டு. அந்த நோட்டுப்புத்தகத்தின் தத்துவத்தை ஒருவர் விளங்கிக்கொண்டால், ஆப்பிரிக்காவை விட்டுப் போனவர்கள் தம் தாய்நாட்டைப்பற்றி என்ன நினைக்கிறார்கள், அதன் அபிவிருத்திக்கு அவர்களால் என்ன ஆகும், என்ன ஆகாது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

பொதுவாக இக்கேள்வியை எடுத்துக்கொள்பவர்கள் பெருந்தொகைகளிலிருந்து தொடங்குகிறார்கள். சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு வெளிநாடுவாழ் மக்கள் 2023ஆம் ஆண்டில் அனுப்பிய பணம் ஏறத்தாழ 5,400 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டிருக்கிறது; இதிலே நம் நாட்டில் உண்டியல் என்று வழங்கிய முறையைப் போன்று, நம்பிக்கை ஒன்றையே பத்திரமாகக் கொண்டு கைமாறிச் செல்லும் பணம் அடங்காது. அனுப்பும் செலவும் உலகத்திலேயே அங்கேதான் அதிகம். 200 டாலர் அனுப்பினால் சுமார் 8 விழுக்காடு வழியிலேயே கழிந்துபோகிறது. 2030க்குள் இதை 3 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கவேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கு. ஆயினும் தொகை எவ்வளவு என்று அறிவதனால், கொடுக்கிறவன் எந்த மனத்தோடு கொடுக்கிறான் என்பது விளங்கிவிடாது. அதற்குக் கயேஸின் கதையைச் சற்று நிதானமாகவே கேட்கவேண்டும்.

செனகல் நதியின் கரையில், ஆப்பிரிக்காவிலேயே வெப்பம் மிகுந்த நகரங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய கயேஸ், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் சிறிது காலம் தலைநகராகவும் இருந்தது. நதிக்கரைச் சோனின்கே மக்கள் தொன்றுதொட்டு வியாபாரத்தின் நிமித்தம் ஊர்விட்டு ஊர் சென்று பழகியவர்கள். மழைக்காலத்தில் செனகலின் வேர்க்கடலை வயல்களுக்குக் கூலிக்குப் போய்த் திரும்பினார்கள். பிரெஞ்சுக் கப்பல்களில் உலைக்குக் கரி அள்ளிப் போடும் வேலையில் சேர்ந்து மார்செய் துறைமுகத்தைக் கண்டார்கள். 1950களின் இறுதியிலிருந்து பிரான்ஸின் தொழிற்சாலைகள் ஆள் தேடியபோது அண்ணன் தம்பியை அழைத்தான், தம்பி அண்டைவீட்டுக்காரனை அழைத்தான். போகிறவன் சில ஆண்டுகள் உழைத்துத் திரும்புவான், அவன் கட்டிலுக்கு இளையவன் ஒருவன் வருவான் என்பதே அக்காலத்து ஏற்பாடு. 1968 முதல் 1973 வரை, சஹாராவின் தெற்கு விளிம்பிலுள்ள சஹேல் பிரதேசத்தைச் சுட்டெரித்த வறட்சியில் மந்தைகள் மடிந்து, தானியக் குதிர்கள் வெறுமையாக, பிரான்ஸிலிருந்து வரும் பணமே பல குடும்பங்களுக்குச் சோறாயிற்று. அந்தச் சமயத்தில்தான், 1974ஆம் ஆண்டில், புதிய தொழிலாளர் வருகையைப் பிரெஞ்சு சர்க்கார் நிறுத்திவைத்தது. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது, போகாமலிருந்தால் ஊர் மறந்துவிடும் என்ற இரண்டு பயங்களுக்கு நடுவில் அம்மனிதர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். வந்துபோகும் பிரயாணியாக இருந்தவன், கதவு அடைபட்டதனாலேயே நிரந்தரவாசியானான்.

மாலியின் பம்பரா மொழியிலே ‘துங்கா’ என்று ஒரு சொல் உண்டு. அந்நிய தேசம், அங்கே சென்று அலைந்து பொருள் தேடும் வாழ்க்கை இரண்டையும் அது குறிக்கும். துங்காவுக்கு ஒருவனுடைய குலப்பெருமை தெரியாது என்பது அவர்களிடையே வழங்கும் பழமொழி. ஊரிலே தலைவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தவன் பாரிஸில் பச்சை உடுப்பு அணிந்து தெருக்கூட்டுகிறான். அவனை அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் அவனை இன்னாருடைய மகன், இன்னாருடைய பேரன் என்று அறிந்த இடம் பூமியில் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் தன் பெயர் அழியாமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே அவன் மாதந்தோறும் சந்தா கட்டுகிறான். இதைத் தானம் என்றோ தர்மம் என்றோ சொல்வது பொருந்தாது. ஊரின் அங்கத்தினனாக நீடிப்பதற்கு அவன் செலுத்தும் வரி அது.

சந்தாவெல்லாம் சேரும் அந்தப் பொதுநிதி முதன்முதலில் எதற்காக ஏற்பட்டது என்பதைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். நோயுற்றவனைக் காப்பாற்றவும், இறந்தவனுடைய உடலை ஊருக்கு அனுப்பவும் ஏற்பட்ட நிதி அது. பிழைப்பு எங்கே நடந்தாலும் அடக்கம் சொந்த மண்ணில் நடக்கவேண்டும் என்ற ஆசை எவ்வளவு ஆழமானது என்பதை, 2020இல் கொரோனாத் தொற்றினால் வெளிநாடுகளில் இறந்தவர்களின் உடல்களைக் கொண்டுவரக் கூடாது என்று அண்டை நாடான செனகல் தடை விதித்தபோது உலகம் கண்டது. வெளிநாடுவாழ் செனகல் மக்கள் நீதிமன்றம்வரை சென்று வாதாடினார்கள், மே மாதத்தில் அத்தடை விலக்கப்பட்டது.

பிணத்துக்காக ஏற்பட்ட நிதி பிறகு பள்ளிவாசலுக்காயிற்று. பள்ளிவாசலிலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து மருந்தகத்துக்கும், மருந்தகத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் நகர்ந்தது. இந்த வரிசை தற்செயலானதன்று. மறுமைக்குரியதை முதலில் செய்து கடன் தீர்த்தவர்கள், பாரிஸின் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம், தலையில் பானை சுமந்து காததூரம் நடக்கும் தாயை நினைத்தார்கள்; நினைத்ததன் விளைவே கிணறு. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குக் கடிதம் பயனில்லாததனால், குரலை ஒலிநாடாவில் பதிந்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பி, அவள் பேசிய நாடாவைத் திரும்பப் பெற்று, இரவுப் பணி முடிந்து வந்து கட்டிலில் படுத்தபடி கேட்டவர்கள் அவர்கள். கிணற்றில் நீர் வற்றிப்போயிற்று என்று அந்த நாடாவில் ஒரு வார்த்தை வந்தால், அடுத்த கூட்டத்தில் அது பேச்சாகிவிடும்.

இவ்விதமாகக் கயேஸ் பிரதேசத்தில் எழும்பிய கட்டிடங்களில் ஒரு பெரும் பகுதி தொழிலாளர் பணத்தில் எழும்பியவை. சர்க்கார் செய்யவேண்டியதைத் தெருக்கூட்டுகிறவன் செய்தான் என்பதை நினைக்கும்போது நெஞ்சு நெகிழாமலிருக்க முடியாது. ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல் புகுந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சுவரும் கூரையும் மோந்த்ரோய் சந்தாவினால் ஏற்படலாம். உபாத்தியாயரோ தலைநகர் பமாக்கோவிலுள்ள கல்வி இலாகாவின் உத்தரவினால்தான் வரவேண்டும். கட்டிடம் தயாராகி, உபாத்தியாயர் வராமல் பூட்டிக் கிடந்த பள்ளிகளும், தாதியும் மருந்துமின்றிப் பெயரளவில் நின்ற மருந்தகங்களும் உண்டு. அன்றியும், பக்கத்து ஊரார் மருந்தகம் கட்டினால் நமக்கும் ஒன்று வேண்டும் என்ற போட்டியினால், ஒன்றே போதுமான இடத்தில் இரண்டு எழும்பியதும் உண்டு. இது அம்மக்களின் குறைபாடு ஆகாது; ஊருக்குச் செலுத்தும் வரி ஊரின் எல்லைக்குள்ளேதான் செல்லும். பல ஊர்களுக்கும் பொதுவான சாலையையும் மின்சாரத்தையும் அது தராது.

இதை முதலில் உணர்ந்தவர்களும் அவர்களே. தனித்தனி ஊர்ச் சங்கங்கள் வட்டார அளவில் ஒன்றுசேரத் தொடங்கின. கயேஸுக்கு அப்பாலுள்ள யேலிமானே வட்டாரத்தார் மோந்த்ரோயில் நிறைந்திருந்தமையால், 1985ஆம் ஆண்டு முதல் மோந்த்ரோய் நகரசபையே யேலிமானேயுடன் உறவு பூண்டு அதன் காரியங்களில் துணைநின்றது. மாலியில் 1991இல் மூஸா திராவோரேயின் எதேச்சாதிகாரம் வீழ்ந்து, அதிகாரம் பரவலாக்கப்பட்டு, 1999இல் தேசமெங்கும் சுமார் 700 உள்ளாட்சி மன்றங்கள் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தபோது, பாரிஸ் சங்கங்களுக்கு முதன்முறையாக எதிர்முனையில் கணக்குக் கேட்கத்தக்க ஓர் அதிகாரி கிடைத்தார். பணம் அனுப்பிக் கட்டுவதோடு நின்றவர்கள், நிர்வாகத்தைக் கேள்வி கேட்கத் தலைப்பட்டார்கள்.

ஊரின் பெருமையோடு ஊரின் அநீதியும் விடுதிக்குள் குடிவந்தது என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. சோனின்கே சமுதாயத்தில் மேற்குடியினர், கைவினைக் குடியினர், அடிமை வம்சத்தார் என்ற பாகுபாடு நெடுங்காலமாக இருந்துவருகிறது. விடுதிக் கூட்டத்தில் முதற்பேச்சு யாருக்கு, ஊரில் நிலம் யாருக்கு என்பனவெல்லாம் பிறப்பைக்கொண்டே தீர்மானிக்கப்பட்டன. ஒரே தொழிற்சாலையில் ஒரே கூலிக்கு உழைத்தவர்களில் சிலர், தம் பாட்டனார் அடிமையாயிருந்த காரணத்தால் இன்றும் தாழ்ந்து நிற்பது ஏன் என்று கேட்டார்கள். யாவரும் சமம் என்ற பொருள்படும் ‘கன்பனாகு’ என்னும் இயக்கம் பிரான்ஸ்வாழ் சோனின்கே மக்களிடையே பிறந்து, வாட்ஸ்அப் குரற்செய்திகளின் வழியே நதிக்கரைக் கிராமங்களுக்குப் பரவியது. ‘அடிமை’ என்ற பட்டத்தை ஏற்க மறுத்தவர்கள் ஊர்விலக்குச் செய்யப்பட்டார்கள், கிணற்றிலும் நிலத்திலும் தடுக்கப்பட்டார்கள். 2020 செப்டம்பரில் கயேஸ் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் இவ்விஷயமாக நால்வர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். வெளிதேசத்தார் என்று ஒரே வாயால் சொல்லப்படுகிறவர்களில், பழைய ஒழுங்கைக் காக்கப் பணம் அனுப்புகிறவரும் உண்டு, அதைத் தகர்க்கப் பாடுபடுகிறவரும் உண்டு. சந்தா நோட்டில் இரு சாராரின் பெயர்களும் அடுத்தடுத்து இருந்தன.

வெளிதேசத்தாரின் தாய்நாட்டுப் பற்றை மற்ற நாடுகள் பலவிதமாகக் கையாண்டிருக்கின்றன. எரித்திரியா வெளிநாட்டிலுள்ள தன் மக்களின் வருமானத்தில் 2 விழுக்காட்டை வரியாகக் கேட்கிறது. கட்டாதவர்களுக்குத் தூதரகத்தில் காரியம் நடப்பதில்லை. அவ்வரியை வசூலிப்பதில் நிகழும் பலாத்காரத்தை ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 2011இல் கண்டித்தது. நைஜீரியா 2017இல் வெளிநாடுவாழ் மக்களுக்கென்று 30 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டது. கேப் வெர்டேயோ மறுபக்கத்திலிருந்து யோசித்து, 72 பேர் கொண்ட தன் சட்டசபையில் 6 இடங்களை வெளிதேசத்தில் வாழ்கிறவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. பொருளை வாங்குகிறவன் வாக்கையும் கேட்கவேண்டும் என்ற நியாயத்தில் இதுவே சிறந்ததென்று எனக்குத் தோன்றுகிறது. பிரெஞ்சு சர்க்கார் 1990களின் பிற்பகுதியில் ‘கூட்டு அபிவிருத்தி’ என்று ஒரு கொள்கையை வகுத்து, குடியேறியவர்களின் ஊருக்கு உதவுவதையும், அவர்கள் ஊருக்குத் திரும்புவதையும் ஒரே முடிச்சில் முடிய முயன்றது. ஊருக்கு உழைப்பவன் ஊருக்கே போய்விடவேண்டும் என்ற எண்ணத்தை விடுதிவாசிகள் ஏற்கவில்லை. சந்தா கட்டுவதற்கே அவர்கள் பிரான்ஸில் இருந்தாகவேண்டும் அல்லவா?

ஆயினும், யாரும் போகச் சொல்லாமலே தாமாகத் திரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். 1948இல் கயேஸுக்கருகிலுள்ள ஒரு கிராமத்தில் பிறந்து, 1960களில் பிரான்ஸுக்கு வந்து, மோட்டார்த் தொழிற்சாலையில் உழைத்து, பிறகு சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டுபவராகவும் புகைப்படக்காரராகவும் விளங்கிய பூபா தூரே, விடுதித் தோழர்கள் சிலரோடு, வறட்சிச் செய்திகள் வந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு கேள்வியை எழுப்பினார்: இவ்வளவு பெரிய நதி ஓடும் கரையில் ஜனங்கள் பட்டினி கிடப்பானேன்? எவ்வளவு அனுப்புவது என்று மற்றவர்கள் கணக்கிட்டுக்கொண்டிருக்க, புறப்பட்டு வரவேண்டிய அவசியமே ஏன் ஏற்பட்டது என்று இவர்கள் யோசித்தார்கள். மாலி, செனகல் முதலிய பல நாட்டினராகிய பதினால்வர், பிரெஞ்சு விவசாயிகளின் பண்ணைகளில் பயிற்சி பெற்று, 1977ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கயேஸுக்கு அருகே நதிக்கரையில் நிலம் பெற்று, ஒரு கூட்டுறவுப் பண்ணையை ஸ்தாபித்தார்கள். சோமான்கிடி என்ற பழைய கிராமத்தின் பெயரோடு, பம்பரா மொழியில் ‘புதிய’ என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்து, ‘சோமான்கிடி கூரா’ என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

முள்மரங்களை வெட்டினார்கள், வாய்க்கால் தோண்டினார்கள், இயந்திரம் வைத்து நதிநீரை மேட்டுக்கு ஏற்றினார்கள், வாழையும் வெங்காயமும் பயிரிட்டார்கள். பிரான்ஸில் பணம் சேர்த்தவன் மண்வெட்டியோடு வந்து நிற்பதைப் பார்த்து ஊரார் வியந்தார்கள். பலருக்கு நம்பிக்கையும் பிறக்கவில்லை, ஏனெனில் வெளிதேசம் போனவன் வெட்டாந்தரையில் குனிந்து களை பறிப்பதை அதற்குமுன் எவரும் கண்டதில்லை. பூபா தூரே பாரிஸுக்கும் பண்ணைக்குமாக நாற்பது ஆண்டுகளுக்குமேல் போய்வந்து, விடுதி அறைகளையும் வாழைத் தோட்டத்தையும் ஒரே புகைப்படக் கருவியால் படம் பிடித்துவைத்தார். அவர் மறைந்த 2022ஆம் ஆண்டில், அவரும் திரைப்பட இயக்குநர் ரஃபாயேல் கிரிசேயும் சேர்ந்து எடுத்த ‘ஹராஸி ஹன்னே’ என்ற திரைப்படம் வெளிவந்தது. பண்ணை இன்றும் இருக்கிறது. முதலில் முகாமாக இருந்த இடத்தில் வீடுகள் எழும்பி, அது இப்போது பெயர் பெற்ற ஒரு கிராமம். அங்கிருந்தும் இளைஞர்கள் பாரிஸுக்குப் போகிறார்கள். ஏன் போகிறீர்கள் என்று அவர்களைக் கேட்கும் உரிமை, மண்வெட்டியோடு திரும்பி வந்த அந்தப் பதினால்வருக்கு இருந்தது.