நிறுத்தச் சொன்னால் நிற்கவும் தெரிய வேண்டும்

ஜெராமில் எங்கள் வீட்டு அலமாரியில் பாட்டியின் குரல் பதிந்த ஒரு கேசட் இருந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிய காலத்துக் கதைகள். சென்ற ஆண்டு அதையும் வேறு சில கேசட்டுகளையும் கணினியில் ஏற்றினேன். ஏற்றி முடித்த அன்றே பாட்டியின் நாடா அறுந்துவிட்டது.

ஒலியில் இரைச்சல் அதிகம். எல்லாக் கோப்புகளையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்ய, தம்பி பைத்தான் மொழியில் சிறு நிரல் எழுதித் தந்தான். இரவு ஒரு மணி ஆகியும் அது முடியவில்லை. விடிந்தால் எனக்கு நிகழ்ச்சி. பொறுமையிழந்து நிரலை வலுக்கட்டாயமாக மூடிவிட்டேன். பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டிருந்ததால், பாட்டி பாதியில் நின்றுபோனார்.

“அக்கா, நீங்க அதை நிறுத்தல, கொன்னுட்டீங்க” என்றான் தம்பி.

வானொலியில் எங்களை யாரும் அப்படி நிறுத்துவதில்லை. கண்ணாடிக்கு அப்பால் இருந்து தயாரிப்பாளர் கை காட்டுவார். நான் வாக்கியத்தை முடித்து, நேயர்களுக்கு நன்றி சொல்லி, ஒலிவாங்கியை அணைப்பேன். நிரல் மொழிகளும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றன. ஜாவாவில் ஓடும் ஓர் இழையை அப்படியே வெட்டி நிறுத்தும் ‘ஸ்டாப்’ கட்டளை ஆரம்பத்தில் இருந்தது. அது தரவுகளை அரைகுறையாக விட்டுவிடும் என்பதால், 1998-இலேயே அதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள்.

பைத்தானின் ‘அசிங்க்ஐஓ’ நூலகம் கை காட்டும் வழியில் செல்கிறது. ‘கேன்சல்’ என்பது வேண்டுகோள்தான். வேலை அடுத்ததாகக் காத்திருக்கும் இடத்துக்கு, அதாவது ‘அவெயிட்’ வரிக்கு வரும்போது ரத்துச் செய்தி அதன் காதில் விழும். ‘ஃபைனலி’ பகுதியில் திறந்ததை மூடி, மிச்சத்தைத் துடைத்துவிட்டு அது விடைபெறும். எங்குமே காத்திருக்காமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் வேலைக்கு அந்தச் செய்தி கேட்காது. கண்ணாடிப் பக்கமே திரும்பாத அறிவிப்பாளரைப் போலத்தான். பொதுவான பிழைகளைப் பிடிக்கும் வரிகள் ரத்துச் செய்தியையும் விழுங்கிவிடும் சிக்கல் முன்பு இருந்தது. 2019-இல் வந்த 3.8 பதிப்பில் அதைத் தனி வகையாகப் பிரித்தார்கள்.

தம்பி நிரலைத் திருத்திவிட்டான். இப்போது அது தனிக் கோப்பில் எழுதுகிறது. முழுதாக முடிந்த பிறகே பழையதன் இடத்தில் வைக்கிறது. இடையில் ரத்து செய்தால் அரைகுறையை அழித்துவிடும்.

வீட்டில் பழைய கேசட் வைத்திருப்பவர்களே, முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அவசரமென்றால் ‘ரத்து’ பொத்தானை அழுத்தி, அது நிற்கும்வரை பொறுத்திருங்கள்.

பாட்டியின் கதை இன்றும் மழை பிடித்த ஒரு காலையோடு நின்றுவிடுகிறது. அன்று வெட்டுக்குப் போனாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.