எண்களுக்கு ஓர் இலக்கணம்: வானிலைத் தரவும் விவரக் கோப்பும்

பழைய ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு இராது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளியும் இராது. எழுத்துகள் வரிசையாக நிற்கும். அவற்றைப் பிரித்துப் பொருள்கொள்வது படிப்பவரின் பொறுப்பாகும்.

கணினியில் சேமிக்கப்படும் வானிலைக் கணிப்புத் தரவும் இத்தகைய சுவடியே. அதனைத் திறந்தால் எண்களின் நெடுவரிசை ஒன்றே உள்ளது. எந்த எண் வெப்பநிலை, எது மழை, எந்த ஊருக்குரியது, எந்த வேளைக்குரியது என்பதை அவ்வெண்கள் தாமே கூறுவதில்லை. அதனைக் கூறுவதற்கென எழுதப்படும் சிறு உரைக்கோப்பே விவரக் கோப்பு. அதனை எழுதும் முறையையும், அதில் நேரும் பிழைகளின் இயல்பையும் இங்குக் காண்போம்.

கட்டவலை என்பது யாது?

உலகப் பரப்பின்மேல் ஒரு வலையை விரித்ததாகக் கொள்வோம். அகலக்கோடும் நெடுங்கோடும் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முடிச்சிலும் ஓர் எண் வைக்கப்படுகிறது. ஐரோப்பிய நடுத்தர எல்லை வானிலை முன்கணிப்பு மையம் வழங்கும் ஈஆர்ஏ5 என்னும் தரவுத்தொகுதி 1940ஆம் ஆண்டு முதலான வானிலையை இம்முறையில் தருகிறது. அதன் முடிச்சுகள் 0.25 பாகை இடைவெளியில் அமைந்தவை. நிலநடுக்கோட்டில் இது ஏறத்தாழ 28 கிலோமீட்டர்.

கிழக்கு மேற்காக 360 பாகையை 0.25ஆல் வகுத்தால் 1440 முடிச்சுகள் கிடைக்கும். வடக்கு தெற்காக 180 பாகையை வகுத்தால் 720 இடைவெளிகள் கிடைக்கும். ஆயினும் முடிச்சுகள் 721. இரு துருவங்களும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். நெடுங்கோட்டில் 360ஆம் பாகையும் 0 பாகையும் ஒன்றேயாதலின் அங்கு ஒன்று கூடுவதில்லை. ஆக, ஓர் அடுக்குக்கு 10,38,240 எண்கள்.

கோப்பின் உறுப்புகள்

அமெரிக்காவில் பிரையன் டோட்டி உருவாக்கிய கிராட்ஸ் என்னும் மென்பொருளின் விவரக் கோப்பை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் உறுப்புகள் சிலவே. 'டிசெட்' என்னும் வரி தரவுக் கோப்பின் பெயரைச் சுட்டும். 'அன்டெஃப்' என்னும் வரி, விடுபட்ட இடங்களில் எந்த எண் இடப்பட்டுள்ளது என்பதை அறிவிக்கும். 'எக்ஸ்டெஃப் 1440 லீனியர் 0.0 0.25' என்றால், நெடுங்கோட்டில் 1440 முடிச்சுகள், 0 பாகையில் தொடக்கம், சீரான 0.25 பாகை இடைவெளி என்பது பொருள். 'ஒய்டெஃப்' அகலக்கோட்டுக்கும், 'இசட்டெஃப்' காற்றழுத்த அடுக்குகளுக்கும், 'டிடெஃப்' காலத்துக்கும் உரியவை. இறுதியில் 'வார்ஸ்' என்னும் வரிக்கும் 'எண்ட்வார்ஸ்' என்னும் வரிக்கும் இடையே, தரவில் உள்ள கூறுகள் அவை நிற்கும் முறைப்படியே பட்டியலிடப்படும்.

தமிழ்த் தொடரில் எழுவாயும் பயனிலையும் இடம் மாறினாலும் வேற்றுமை உருபு பொருளைக் காக்கும். இங்கு உருபு இல்லை, வரிசையே பொருள். நெடுங்கோடு முதலில் நகரும். பின்னர் அகலக்கோடு, அடுக்கு, கூறு, காலம் என முறையே நகரும்.

ஓரெழுத்தால் மாறும் பொருள்

'கல்', 'கள்' என்னும் சொற்கள் ஓரெழுத்தால் வேறுபடுவதை நாம் அறிவோம். காலத்தைக் குறிக்கும் வரியில் அத்தகைய இணை ஒன்று உண்டு. 'எம்என்' என்பது நிமிடம். 'எம்ஓ' என்பது மாதம். 30 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த தரவை 30 மாதத்துக்கு ஒருமுறை எடுத்ததாக இவ்வோரெழுத்து மாற்றிவிடும். மென்பொருள் மறுப்பின்றி ஏற்கும். காலம் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுவதையும் மறத்தலாகாது. அந்நேரப்படி நள்ளிரவு என்பது சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காலை 8 மணி. எனவே அதன்படி கணக்கிட்ட 'ஒரு நாள் மழை' நம் நாட்காட்டியின் ஒரு நாளுக்குரியதன்று.

நம் வட்டாரத்தில் மறையும் பிழை

கிராட்ஸ் தெற்கிலிருந்து வடக்காகப் படிக்கும் இயல்புடையது. ஈஆர்ஏ5 தரவோ வடக்கிலிருந்து தெற்காக அடுக்கப்பட்டது. இந்த முரணை 'ஒய்ரெவ்' என்னும் குறிப்பால் அறிவித்தல் வேண்டும். அறிவிக்காவிடில் உலகப்படம் தலைகீழாகும். சென்னைக்கென நாம் எடுக்கும் எண், 13 பாகை தெற்கே இந்தியப் பெருங்கடலுக்கு உரியதாகிவிடும். உற்று நோக்குவோர் பிழையை உணர்ந்துவிடலாம்.

சிங்கப்பூரின் நிலை வேறு. அதற்கு அண்மையிலுள்ள முடிச்சு 1.25 பாகை வடக்கு, 103.75 பாகை கிழக்கு. படம் தலைகீழானால் அது 1.25 பாகை தெற்காகி, சுமத்ராவின் ஜாம்பி வட்டாரத்தில் விழும். அங்கும் வெப்பம் ஒத்ததே. மழையும் ஐயத்துக்கு இடமளிக்காது. நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் நமக்கு இப்பிழை கண்ணுக்குப் புலப்படாமலே நிலைத்துவிடும். ஆதலின் நம் ஊருக்குரிய எண்ணைச் சரிபார்க்க, நம் ஊரை மட்டும் பார்த்தல் போதாது. சனவரி மாத வெப்பப்படத்தை வரைந்து, சைபீரியா குளிர்ந்துள்ளதா என நோக்குக. நெடுங்கோடு -180 பாகையில் தொடங்கும் தரவை 0 பாகையில் தொடங்குவதாக எழுதினால், சிங்கப்பூருக்கெனக் கிடைப்பது தென் கொலம்பியாவின் வானிலை. இதனைக் கடற்கரைக் கோடுகளே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்மையும் அறியாமையும்

'மழை இல்லை' என்பதும் 'மழையளவு தெரியவில்லை' என்பதும் ஒன்றல்ல. முன்னது செய்தி, பின்னது செய்தியின்மை. கடல்வெப்பத் தரவில் நிலப்பகுதிக்கு -9999 என இட்டு, அதனை 'அன்டெஃப்' வரியில் அறிவிக்க மறந்தால், ஒன்பது முடிச்சுகளில் 29 பாகையும் ஒன்றில் -9999உம் சேர்ந்து சராசரி -973.8 ஆகும். அபத்தமான எண்ணாதலின் உடனே பிடிபடும்.

விடுபட்டவற்றுக்குச் சுழியத்தை இட்டிருந்தால் நேர்வது யாது? பத்து முடிச்சுகளில் ஆறில் 20 மில்லிமீட்டர் மழை, நான்கில் தகவல் இல்லை என்க. உண்மையான சராசரி 20. கணக்கில் வருவது 12. இவ்வெண் அபத்தமாகத் தோன்றாது. வடிகால் அமைப்போரும் வெள்ளத்தை எதிர்நோக்குவோரும் நம்பி எடுத்தாளக்கூடிய எண் அது. அலகிலும் இதே கவனம் தேவை. ஈஆர்ஏ5 மழையை மீட்டரில் தருகிறது, அங்கு 0.012 என்பது 12 மில்லிமீட்டர்.

சரிபார்க்கும் முறை

கோப்பின் அளவு முதற்சான்று. ஓர் எண்ணுக்கு 4 பைட்டு எனில் ஓர் அடுக்கு 41,52,960 பைட்டு. நான்கு அழுத்த அடுக்குகளில் வெப்பநிலை, தரையில் மழை என ஐந்து அடுக்குகளை நாளுக்கு நான்கு வேளை சேமித்தால் 8,30,59,200 பைட்டு வருதல் வேண்டும். குறைந்தாலோ மிகுந்தாலோ விவரம் தவறு. ஆயினும் அளவு பொருந்துவதாலேயே விவரம் சரியென்று ஆகாது. தலைகீழான தரவும் அதே அளவினதே. எனவே அளவைப் பார்த்தபின் படத்தைப் பார்க்க வேண்டும்; படத்தைப் பார்த்தபின், நாம் நன்கறிந்த ஒரு நாளின் பதிவோடு ஒப்பிட வேண்டும்.

விண்மீன் குறியில் தொடங்கும் வரிகளை மென்பொருள் படிப்பதில்லை. அவை மனிதர் படிப்பதற்கு உரியவை. தரவு எங்கிருந்து, எந்நாளில் பெறப்பட்டது, அலகு மாற்றப்பட்டதா என்பனவற்றை அவ்வரிகளில் எழுதிவைத்தல் நலம். எழுதியவர் பணியிலிருந்து விலகிய பின்னும் எண்கள் இருக்கும். அவற்றைப் பின்வருவோர் சரியாகப் பயன்படுத்துவதும் பிழையாகப் பயன்படுத்துவதும் இருபது வரிகூட இல்லாத இக்கோப்பைப் பொறுத்தே அமையும்.