பூஜ்யம் இல்லாத கணக்கு!
ரோமன் எண்களைப் படிப்பது எப்படி?

மும்பையில் கடலோரத்தில் "கேட்வே ஆப் இந்தியா" என்ற பெரிய வளைவு நிற்கிறது. அதன் உச்சியில் சில வரிகளைக் கல்லில் வெட்டி இருக்கிறார்கள். இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் ராணி மேரியும் இந்தியாவில் வந்து இறங்கியதன் நினைவாக எழுப்பப்பட்டது என்பது அந்த வரிகளின் பொருள். தேதி, டிசம்பர் 2.

சரி, ஆண்டு எங்கே? இலக்கமே காணோம்! கடைசியில் ஐந்து ஆங்கில எழுத்துக்கள்தான் இருக்கின்றன. எம், சி, எம், எக்ஸ், ஐ.

அந்த எழுத்துக்கள்தான் ஆண்டு. அதைப் படிக்கத் தெரிந்து கொள்வோமா?

ஏழே எழுத்துக்கள்

இவற்றுக்கு ரோமன் எண்கள் என்று பெயர். 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ரோமாபுரி மக்கள் இவற்றால்தான் கணக்கு எழுதினார்கள். மொத்தம் ஏழு எழுத்துக்களே உண்டு.

ஐ = 1
வி = 5
எக்ஸ் = 10
எல் = 50
சி = 100
டி = 500
எம் = 1,000

நினைவில் வைப்பது சுலபம். "ஐ" என்பது ஒரு விரல் போல நிற்கும் ஒற்றைக் கோடு. "வி" என்பது விரித்த கை போல இருக்கும். "எக்ஸ்" என்பது குறுக்காக வைத்த இரண்டு குச்சிகள். ரோமாபுரியின் லத்தீன் மொழியில் நூறுக்கு "சென்டம்" என்றும், ஆயிரத்துக்கு "மில்லே" என்றும் பெயர். முதல் எழுத்தைப் பிடித்துக் கொண்டால் "சி"யும் "எம்"மும் மறக்காது.

இடம் மாறினால் எண் மாறும்!

பெரிய எழுத்துக்கு வலப்பக்கம் சின்னது வந்தால் கூட்ட வேண்டும். இடப்பக்கம் வந்தால் கழிக்க வேண்டும். இவ்வளவுதான் சூட்சுமம்.

"எக்ஸ்" எழுதி அதற்குப் பிறகு ஒரு கோடு போட்டால், பத்தும் ஒன்றும் பதினொன்று. கோட்டை முன்னால் போட்டால், பத்தில் ஒன்று போக ஒன்பது!

இப்போது மும்பைக்குப் போவோம். முதல் "எம்", ஆயிரம். அடுத்து "சி", "எம்". நூறு முன்னால் நிற்பதால், ஆயிரத்தில் நூறு போக 900. பிறகு "எக்ஸ்", "ஐ". அது 11. கூட்டினால் 1911!

கூழாங்கல் கணக்கு

ரோமாபுரியில் கொலோசியம் என்ற பிரமாண்டமான விளையாட்டரங்கம் இருக்கிறது. அதற்கு 80 வாசல்கள். அவற்றில் 76 வாசல்களுக்கு எண் வெட்டி இருந்தார்கள். அவற்றில் சில எண்களை இன்றும் காணலாம்.

வாசலுக்கு எண் போட இந்த முறை போதும். ஆனால் பெருக்குவதும் வகுப்பதும் பெரும்பாடு. காரணம், இதில் பூஜ்யம் கிடையாது! 1888 என்று எழுத 13 எழுத்துக்கள் வேண்டும். ஆகவே பலகையில் கூழாங்கற்களை நகர்த்திக் கணக்குப் போட்டார்கள். கூழாங்கல்லுக்கு லத்தீனில் "கால்குலஸ்" என்று பெயர். நாம் கடையில் தட்டுகிற "கால்குலேட்டர்" என்ற பெயரும் அதிலிருந்து வந்ததே.

பழைய தமிழ்க் கணக்கிலும் பூஜ்யம் இல்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் உண்டு. ஆனால் இருநூறுக்கு ரோமானியர் "சி"யை இரண்டு முறை எழுதினார்கள். நம்மவர்கள் ௨௱ என்று இரண்டையும் நூறையும் சேர்த்து எழுதினார்கள்.

இந்திய எண்களுக்குத் தடை

பூஜ்யத்தோடு கூடிய எண்கள் இந்தியாவில் தோன்றி, அராபியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போயின. 1202-ம் ஆண்டில் இத்தாலி நாட்டு பிபோனாச்சி, இந்த எண்களை விளக்கிப் புத்தகம் எழுதினார்.

ஆனால் எல்லோரும் வரவேற்கவில்லை. 1299-ல் பிளாரன்ஸ் நகரத்து நாணய மாற்று வணிகர் சங்கம், கணக்குப் புத்தகத்தில் புதிய எண்களை எழுதக் கூடாது என்று விதி செய்தது! பூஜ்யத்துக்கு ஒரு வால் போட்டால் 6 ஆகிவிடும், 9 ஆகிவிடும். அப்படித் திருத்திவிட்டால் பணம் என்ன ஆவது? ஆனாலும் முடிவில் வென்றவை இந்திய எண்களே.

இன்றும் வேண்டும்

ரோமன் எண்கள் அடியோடு மறைந்து விடவில்லை. சுவர்க் கடிகாரத்தில் இருக்கின்றன. (பல கடிகாரங்களில் 4 என்பதற்கு நான்கு கோடு போட்டிருப்பார்கள். லண்டன் "பிக் பென்" கடிகாரத்திலோ "ஐ", "வி" என்றே இருக்கும்.) மன்னர்களின் பெயருக்குப் பின்னால் வருகின்றன. பள்ளிக்கூடத்தில் வகுப்பறைக் கதவிலும் இருக்கின்றன. பாரத்தில் கோட்டை இடம் மாற்றிப் போட்டால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பதினோராம் வகுப்புக்குப் போய்விடுவான்!

இதை விட முக்கியமான இடம் ஒன்று உண்டு. அது ஆஸ்பத்திரி. காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களுக்கு ரோமன் எண்களிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். ஹீமோபிலியா என்பது ரத்தம் எளிதில் உறையாத நோய். அதில் ஒரு வகையினருக்கு எட்டாவது பொருள் குறைவு. இன்னொரு வகையினருக்கு ஒன்பதாவது குறைவு. எட்டு வேண்டியவருக்கு ஒன்பதைக் கொடுத்தால் பலன் இல்லை.

எட்டு என்றால் "வி"க்குப் பின்னால் மூன்று கோடு. ஒன்பது என்றால் "எக்ஸ்"சுக்கு முன்னால் ஒரு கோடு. சந்தேகம் வந்தால், "இது எத்தனை?" என்று வாய் விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை!