ராத்திரியில் கடலுக்குள் இறங்கலாமா? முதல் ‘நைட் டைவ்’ எப்படி இருக்கும்?

பகலில் பத்து முறை ஸ்கூபா போனவர்களுக்கும் ராத்திரி என்றதும் வயிற்றில் புளி கரையும். டார்ச் வெளிச்சம் விழும் இடம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், மற்றதெல்லாம் கறுப்பு. மேல் எது, கீழ் எது என்றே குழம்பிவிடும். அப்போது மூச்சுக் குமிழிகளைப் பார்த்தால் போதும். அவை எப்போதும் மேலேதான் போகும்.

‘டார்ச் அணைஞ்சா என்ன பண்றது?’ அதற்குத்தான் ஆளுக்கு இரண்டு டார்ச். பேச்சும் அதில்தான். வெளிச்சத்தை வட்டமாகச் சுழற்றினால் ‘ஓகே’; இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டினால் ‘பிரச்சினை, இங்கே பாரு’. பக்கத்தில் இருப்பவர் முகத்தில் மட்டும் அடித்துவிடக் கூடாது, இருட்டுக்குப் பழகிய கண் கூசிப்போகும். பகலில் ஏற்கெனவே இறங்கிய இடமாக இருந்தால் முதல் தடவை பதற்றம் பாதி குறையும்.

சரி, இவ்வளவு பயந்துகொண்டு ஏன் போகணும்? ஹவாயின் கோனா கடற்கரையில் பதில் இருக்கிறது. அங்கே சுமார் 10 மீட்டர் ஆழத்தில் டைவர்கள் தரையோடு அமர்ந்து விளக்கை மேல்நோக்கிப் பிடிக்கிறார்கள். வெளிச்சத்துக்குப் பிளாங்டன் என்ற நுண்ணுயிர்கள் கூடும். அவற்றைத் தின்ன மான்டா திருக்கைகள் வரும். தலையை உரசுவதுபோல வந்து குட்டிக்கரணம் அடிக்கும். கத்தத் தோன்றும், வாயில் ரெகுலேட்டர் இருக்கிறதே! கொட்டும் முள் இவற்றுக்குக் கிடையாது. ஆனாலும் தொடக் கூடாது. அவற்றின் தோலைக் காக்கும் வழுவழுப்பான படலம் கை பட்டால் போய்விடும்.