கரண்ட் எங்கே ஓடுது?

குட்டீஸ், "கரண்ட் போச்சு!" என்று கத்துவீர்களே, அந்தக் கரண்ட் லத்தீன் மொழியில் 'ஓடு' என்று பொருள்படும் 'குர்ரெரே' என்ற சொல்லிலிருந்து வந்தது. கம்பியில் ஓடினால் மின்னோட்டம்; ஆற்றில் ஓடினால் நீரோட்டம். 'கரண்ட் இயர்' என்றால் நடப்பு ஆண்டு. ஆங்கிலத்தில் ஓடுகிற ஆண்டு தமிழில் நடக்கிறது, பார்த்தீர்களா! கம்ப்யூட்டர் திரையில் ஓடும் 'கர்சர்' கூட இதற்குச் சொந்தம்தான்.

கடற்கரையில் 'ரிப் கரண்ட்' என்று பலகை வைத்திருந்தால், தண்ணீரில் மின்சாரம் பாய்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் வேகமான நீரோட்டம் அது. அங்கே இறங்கவே கூடாது. நன்றாக நீந்துபவர்கள்கூட அதை எதிர்த்து நீந்திக் களைத்துப் போவார்கள். தப்பித்தவறி சிக்கினால் பதறாமல் மிதந்தபடி, கையை அசைத்து உதவி கேளுங்கள். நீந்தத் தெரிந்தவர்கள் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்பலாம்.