எஞ்சினின் காய்ச்சல்

திருவண்ணாமலை நகருக்கு நாற்றிசையினின்றும் சாலைகள் வந்து கூடுகின்றன. கிழக்கே செஞ்சி, மேற்கே செங்கம், வடக்கே போளூர், தெற்கே திருக்கோவலூர் என்னும் ஊர்களிலிருந்து வரும் சாலைகளில் விடியற்காலம் தொட்டே சிறு சுமைவண்டிகள் ஓடத் தொடங்கிவிடும். மக்கள் அவற்றைப் பிக்கப் வண்டி என வழங்குவர். நிலக்கடலை மூட்டை, நெல், காய்கறி, பூக்கூடை, செங்கல் முதலிய பலவும் அவற்றின்மீது ஏறிச் செல்லும். அவற்றுள் சில, பல ஆண்டுகள் உழைத்துப் பழமை எய்தியவை. ஒரு குடும்பத்தின் உணவும் பிள்ளைகளின் கல்வியும் ஒரு பழைய வண்டியின் உழைப்பை நம்பியிருத்தல் உண்டு. அத்தகைய வண்டி சித்திரை வெயிலில் நடுச்சாலையில் நீராவி கக்கி நின்றுவிடுமாயின், அன்றைய வாடகை போவதோடு ஒழியாது. எஞ்சினே பழுதுற்றுப் பல திங்கள் வருவாயை விழுங்கிவிடவும் கூடும். ஆதலின், எஞ்சின் அளவு கடந்து சூடேறுவதன் காரணத்தைக் கண்டறியும் முறையை அறிந்துகொள்ளுதல் நன்று.

எஞ்சினுள் எரிபொருள் எரியும்பொழுது உண்டாகும் வாயுவின் வெப்பநிலை 2000 பாகை செல்சியசு அளவையும் எட்டும். அவ்வாறு பிறக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை ஓட்டப் பயன்படுகின்றது. மற்றொரு பங்கு புகையோடு கலந்து வெளியேறுகின்றது. மீதமுள்ள பங்கு எஞ்சினின் உலோகத்தில் ஏறி நிற்கின்றது. அதனை உடனுக்குடன் அகற்றாவிடின், பிசுடன் விரிந்து சிலிண்டரோடு இறுகிவிடும். சிலிண்டரின் தலைப்பகுதி கோணலுறும்.

இவ்வெப்பத்தைச் சுமந்து செல்லும் பணியாள் நீரே. எஞ்சினைச் சூழ்ந்த அறைகளில் ஓடிச் சூடேறிய நீர், மேற்குழாய் வழியாக ரேடியேட்டரை அடைகின்றது. அங்கே பல மெல்லிய குழாய்களில் பிரிந்து இறங்கும்பொழுது, விசிறி இழுக்கும் காற்றினால் குளிர்ச்சி பெற்றுக் கீழ்க்குழாய் வழியாக எஞ்சினுக்கு மீள்கின்றது. உடம்பில் குருதியை இதயம் செலுத்துவது போல, இந்நீரைச் செலுத்துவது வாட்டர் பம்பு ஆகும். நீர் செல்லும் வழியில் தெர்மோஸ்டாட் என்னும் சிறு கருவி வாயில்காப்போன் போல் நிற்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை அது ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை அடைத்திருக்கும். வெப்பம் ஏறத்தாழ 80 பாகையை அடைந்ததும், அதனுள் இருக்கும் மெழுகு உருகி விரிந்து வழியைத் திறந்துவிடும்.

ரேடியேட்டரின் மூடியும் ஒரு கருவியே. திறந்த பானையில் நீர் 100 பாகையில் கொதிக்கும். இம்மூடியோ, உள்ளே அழுத்தத்தை நிலைநிறுத்தி, நீர் கொதிக்கும் நிலையை ஏறத்தாழ 120 பாகைவரை உயர்த்திவிடும்.

இவ்வமைப்பு ஒரே நாளில் தோன்றியதன்று. 1886-ஆம் ஆண்டில் செருமானிய நாட்டுக் காரல் பென்சு காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டியில், நீர் கொதித்து ஆவியாகியே எஞ்சின் குளிர்ந்தது. அதனால் அடிக்கடி நீர் ஊற்ற வேண்டியிருந்தது. பின்னர் வில்லெம் மேபாக்கு என்னும் பொறியியலறிஞர் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். 1901-ஆம் ஆண்டின் மெர்சிடசு வண்டியில் அது பொருத்தப்பட்டது. குறைந்த நீரைக் கொண்டு மிகுந்த வெப்பத்தை அகற்றும் வழி அதனால் பிறந்தது.

இனி, சூடேறிய எஞ்சினின் குறையை ஆராயும் முறையைக் காண்போம். முதற்கண் கருத வேண்டுவது மனிதரின் நலம். வெப்பங்காட்டும் முள் சிவப்புக் கோட்டை அணுகியதும், வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுதல் வேண்டும். எஞ்சின் நன்கு ஆறும்வரை ரேடியேட்டரின் மூடியைத் தொடுதல் ஆகாது. சூட்டோடு மூடியைத் திறந்தால் உள்ளழுத்தம் திடீரென நீங்கும். நீர் ஒரே நொடியில் கொதித்தெழுந்து முகத்திலும் கைகளிலும் பாயும். இவ்வாறு வெந்து வடுப்பட்டோர் பலர். கொதிக்கும் எஞ்சினில் தண்ணீரைக் கொட்டுவதும் தவறு. சூடான இரும்பு திடீரெனக் குளிர்ந்தால் விரிசல் விடும்.

எஞ்சின் ஆறிய பின்னர் முதலில் நீரின் அளவைப் பார்த்தல் வேண்டும். நீர் குறைந்திருந்தால், அது சென்ற வழியைத் தேடவேண்டும். இரப்பர்க் குழாய்களின் இணைப்பு, பம்பின் அடிப்புறம், ரேடியேட்டரின் ஓரங்கள் ஆகிய இடங்களில் ஈரமோ, உலர்ந்த கறையோ காணப்படின், ஒழுக்கு அங்கேதான். வெளியே ஒழுக்கு இன்றியும் நீர் குறைந்துகொண்டே வருமாயின், அஃது எஞ்சினுக்குள் புகுகின்றது என ஐயுறலாம். எஞ்சினின் உடலுக்கும் தலைக்கும் இடையே அமைந்த ஹெட் கேஸ்கட் பழுதுற்றிருப்பின், புகை வெண்ணிறமாகத் தொடர்ந்து வரும். எண்ணெய் பால் கலந்தாற்போல் மாறும். ஓடும் எஞ்சினின் ரேடியேட்டர் நீரில் குமிழிகள் எழும். முள் தாழ்ந்திருப்பது கொண்டு மட்டும் தீங்கில்லை எனத் துணிதலும் கூடாது. நீர் முற்றும் வற்றிவிட்டால், வெப்பத்தை உணரும் கருவி நீரில் மூழ்காமையால் குறைந்த அளவையே காட்டக்கூடும்.

நீர் குறையாதிருந்தும் எஞ்சின் சூடேறுமாயின், அஃது எப்பொழுது சூடேறுகின்றது என்பதே கேட்கத்தக்க கேள்வி. காரணத்தை நோக்கி வழிகாட்டுவது அக்கேள்விதான். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

போளூரிலிருந்து ஜவ்வாது மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூருக்குச் சிமெண்டு மூட்டைகளை ஏற்றிச் செல்லும் பழைய டீசல் பிக்கப் ஒன்று உள்ளது என்று கொள்க. மலைச்சாலையில் பாதி தொலைவு ஏறியதும் அதன் எஞ்சின் கொதிக்கின்றது. உரிமையாளர் ஒருவர் சொற்கேட்டுத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகின்றார், கொதிப்பு நீங்கவில்லை. மற்றொருவர் சொற்கேட்டுப் புதிய வாட்டர் பம்பு வாங்கிப் பொருத்துகின்றார்; கடன்தான் ஏறியது, கொதிப்பு குறையவில்லை. “வண்டி பழசாகிவிட்டது, விற்றுவிடுவதே வழி” என்று மூன்றாமவர் கூறுகின்றார்.

அந்நிலையில் தேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டி வருகின்றது. அவர் கருவி எதனையும் கையில் எடுக்கவில்லை. “நெரிசலில் நிற்கும்பொழுது சூடேறுகிறதா?” என்று கேட்கின்றார். “இல்லை, ஐயா” என்கின்றார் உரிமையாளர். “புறப்பட்ட சில நிமிடங்களிலேயே சூடேறுகிறதா?” “அதுவும் இல்லை.” “சமவெளியில் எப்படி?” “சுமையோடு போனாலும் முள் அசைவதில்லை. மலை ஏறும்பொழுதுதான் இந்தத் தொல்லை.”

இம்மூன்று விடைகளும் காரணத்தைப் பெரிதும் குறுக்கிவிட்டன. நிற்கும்பொழுது சூடேறுமாயின், குறை விசிறியில் இருக்கும். அல்லது அதனைச் சுழற்றும் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று உதவும். நிற்கும் வண்டிக்கு விசிறியன்றித் துணையில்லை. புறப்பட்டவுடன் சூடேறி, ரேடியேட்டருக்குச் செல்லும் மேற்குழாய் மட்டும் குளிர்ந்திருக்குமாயின், தெர்மோஸ்டாட் திறவாமல் சிக்கியிருக்கும். பெருஞ்சுமையோடு ஏறும்பொழுது மட்டும் சூடேறுவதோ, ரேடியேட்டர் தன் முழு வலிமையோடு பணி செய்யவில்லை என்பதைக் காட்டும். பாதி அடைபட்ட ரேடியேட்டர் சமவெளியில் பிறக்கும் வெப்பத்துக்குப் போதும். ஏற்றத்தில் வெப்பம் மிகும். வேகம் குறைவதால் எதிர்க்காற்றும் குறையும். அங்கே அதன் குறை வெளிப்பட்டுவிடும்.

மெக்கானிக் ரேடியேட்டரின் முன்புறத்தைப் பார்க்கின்றார். தகடுகளுக்கிடையே புழுதியும் கடலைத்தோலும் அடைந்துள்ளன. ஆயினும் மிகுதியாக இல்லை. எஞ்சினைச் சற்று ஓடவிட்டு அணைத்தபின், ரேடியேட்டரின் பரப்பைக் கவனமாகத் தடவிப் பார்க்கின்றார். சில பகுதிகள் சூடாகவும் சில பகுதிகள் குளிர்ந்தும் இருக்கின்றன. குளிர்ந்த பகுதிகளில் நீர் ஓடவில்லை என்பது தெளிவாகின்றது.

அடைப்பின் மூலம் யாது? பல ஆண்டுகளாக அவ்வண்டிக்கு ஊற்றியது கிணற்று நீர். திருவண்ணாமலை மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீர் கடினநீராக உள்ளது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் வெண்ணிறப் படலம் படிவதை வீடுகளில் காணலாம். அதே சுண்ணாம்புப் படலம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து, அவற்றைச் சிறுகச் சிறுக அடைத்துவிடுகின்றது. மேலும், அப்படலம் வெப்பத்தை எளிதிற் கடத்துவதில்லை.

பழைய வண்டிகளின் செம்பு, பித்தளை ரேடியேட்டரைப் பிரித்து, மெல்லிய தகட்டுக் கம்பியால் குழாய்களைத் துருவித் தூய்மை செய்தல் கூடும். மெக்கானிக் அவ்வாறே செய்கின்றார். பின்னர், காய்ச்சி வடித்த நீரையும் கூலன்ட் என்னும் திரவத்தையும் உரிய அளவிற் கலந்து ஊற்றுகின்றார். கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டுக்கு ஈடாகப் புதியதொன்றையும் பொருத்துகின்றார். அஃது இல்லாவிடில் எஞ்சின் உரிய வெப்பத்தை அடையாமல் எரிபொருளை வீணாக்கும். சிலவகை எஞ்சின்களிலோ, நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் பக்கவழியே மீளும். அதனால் சூடு கூடுமேயன்றிக் குறையாது. எனவே, குளிர்ச்சிக்கென்று அதனைக் கழற்றுவது அறியாமையாகும்.

பெருஞ்செலவு செய்து தீராத குறை, மூன்று கேள்விகளாலும் ஒரு தடவலாலும் வெளிப்பட்டது. வண்டியின் பழமை காரணமன்று. ஊற்றிய நீரே காரணம். நோயின் மூலத்தை நாடாது மருந்து கொடுத்தலை நம் முன்னோர் ஏற்றிலர். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரமும் இதனை வற்புறுத்தும். மருத்துவனுக்கு உரிய அந்நெறி பட்டறையில் உழைப்பவர்க்கும் உரியதே. பொறி வாய்திறந்து பேசாதெனினும், சூடேறும் இடத்தாலும் காலத்தாலும் தன் குறையைத் தெரிவிக்கின்றது. அதனைப் பொறுமையோடு கேட்டு, ஒவ்வொரு காரணமாக ஆராய்ந்து விலக்கி, உண்மையை அடைதல் கைத்தொழிலுக்கும் கல்விக்கும் பொதுவான ஒழுங்காகும்.