திரைக்குப் பின்னால் தார் வாசனை

ரோம் நகரிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் வல்லேலுங்கா ரேஸ் டிராக். அந்த வளாகத்துக்குள்ளேயே ஆபீஸ் போட்டு உட்கார்ந்த ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி உண்டு: குனோஸ் சிமுலாட்ஸியோனி. உலகம் முழுக்கக் கார் பித்தர்கள் வாய் ஓயாமல் பேசும் ‘அசெட்டோ கோர்ஸா’ சிமுலேட்டர் அவர்கள் கைவண்ணம்தான். 2014 டிசம்பரில் முழுசாக வெளிவந்தது. நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது! கம்ப்யூட்டரில் ஒரு காரின் சஸ்பென்ஷன் கணக்கைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே நிஜ ரேஸ் கார் ஒன்று படபடவென்று கியர் இறக்கிக்கொண்டு வளைவுக்குள் பாய்கிறது. கணக்கில் சந்தேகமா? எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். இப்படி ஒரு வேலை கிடைத்தால் நான் வீட்டுப் பக்கமே தலைவைக்க மாட்டேன்.

என்னிடம் இருப்பது ஒரு சாதாரண ஹேட்ச்பேக். அதன் மேல் எனக்கு உயிர். ஆனாலும் போர்ஷே, ஃபெராரி என்றால் எந்தக் கார் பித்தனுக்கும் கை பரபரக்கத்தானே செய்யும்? அந்தப் பரபரப்பில்தான் சிமுலேட்டர் ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். நாளாக ஆக, ஓட்டுவதில் இருந்த ஆசை, இதை எப்படித்தான் செய்கிறார்கள் என்று துருவுவதிலும் தொற்றிக்கொண்டது. துருவத் துருவ ஒரே ஆச்சரியம். எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே நிஜ கார் நிற்கிறது, நிஜ ரோடு கிடக்கிறது, பக்கத்தில் யாரோ ஒருவர் மண்டியிட்டு எதையாவது அளந்துகொண்டிருக்கிறார். வாருங்கள், ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுகிறேன்.

முதலில் ரோடு. அந்தக் காலத்தில் வரைபடம், போட்டோ, டிவி பதிவு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு டிராக்கைக் குத்துமதிப்பாக வரைவார்கள். வளைவு சரியாக இருக்கும், ஏற்றம் ஏறக்குறைய இருக்கும். தாரில் உள்ள சின்னச் சின்ன நெளிவு மட்டும் சிக்காது. அதைச் சிக்கவைத்தது லேசர் ஸ்கேனர். 2008-இல் வெளியான அமெரிக்க சிமுலேட்டர் ‘ஐரேஸிங்’ இந்த விஷயத்தில் ஆரம்பம் முதலே பிடிவாதக்காரர்கள் கூடாரம். தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் டேவ் கேமர். 1998-இல் ‘கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்’ என்ற சிமுலேட்டரைச் செய்து, 1967-ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் கார்களை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்த மனிதர். இன்னொருவர் ஜான் ஹென்றி. ஆமாம், லிவர்பூல் கால்பந்து அணியின் உரிமையாளர்களில் ஒருவரான அதே ஜான் ஹென்றி!

வேலை நடக்கும் அழகைப் பாருங்கள். டிராக்கில் வண்டி ஓடாத நேரமாகப் பார்த்து ஆட்கள் இறங்குகிறார்கள். முக்காலி மேல் ஒரு கருவி. அதன் தலை சுற்றிக்கொண்டே நாலாபக்கமும் லேசர் ஒளியை வீசுகிறது. ஒளி பட்டுத் திரும்புவதை வைத்து, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கு போடுகிறது. ஓரிடம் முடிந்தால் முக்காலியைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். மறுபடி சுற்று, மறுபடி தூக்கு. டிராக் முழுக்க இதே பாடு! கடைசியில் கிடைப்பது கோடிக்கணக்கான புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்குள் ரோட்டில் போட்ட ஒட்டு தெரியும், வடிகால் மூடி தெரியும், கர்ப் எந்த மூலையில் உடைந்திருக்கிறது என்பதுகூடத் தெரியும். அதன் மேல் கலைஞர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து தார், புல், வேலி, விளம்பரப் பலகை என்று போர்த்துகிறார்கள். டயர் உருளும் பரப்பு மட்டும் லேசர் சொன்னதை மில்லிமீட்டர் பிசகாமல் கேட்டாக வேண்டும்.

இத்தனை மெனக்கெடல் எதற்கு என்று கேட்பவரை நான் நேராக நார்ட்ஷ்லைஃபவுக்கு அழைத்துப் போவேன். ஜெர்மனியில் ஐஃபெல் மலைக்காட்டுக்குள் வளைந்து நெளிந்து ஓடும் 20.8 கிலோமீட்டர் நியூர்பர்க்ரிங் டிராக் அது. உச்சிக்கும் பள்ளத்துக்கும் நடுவே 300 மீட்டர் உயர வித்தியாசம். அதில் ‘காருசெல்’ என்று ஒரு வளைவு; உள்பக்கம் சரிவாகக் கான்கிரீட் பலகைகள் பதித்திருக்கும். அந்த உள்பக்க வாய்க்காலில் சக்கரத்தை இறக்கி ஓட்டிக் காட்டிய ரேஸ் டிரைவர் ருடால்ஃப் கரச்சியோலாவின் பெயரையே வளைவுக்கு வைத்திருக்கிறார்கள். லேசரில் அளந்த காருசெல்லுக்குள் சிமுலேட்டர் காரை இறக்கிப் பாருங்கள். சட்டென்று ஸ்டீயரிங் கனக்கும். சஸ்பென்ஷன் அமுங்கும். அப்புறம் டக்... டக்... டக்... டக்! பலகைகளுக்கு நடுவே உள்ள இணைப்பு ஒவ்வொன்றும் உள்ளங்கையில் வந்து அடிக்கும். வெளியேறும் விளிம்பில் கார் ஒரு துள்ளு துள்ளி நிமிரும். ஜெர்மனி மண்ணை மிதிக்காத என் கைக்கு அந்தக் கான்கிரீட் அத்துப்படி!

அடுத்த கதவைத் திறக்கும்போது காதைப் பொத்திக்கொள்ளுங்கள். இங்கே இன்ஜின் சத்தம் பதிவாகிறது. டைனோ எனப்படும் உருளைகள் மேல் காரை ஏற்றி, பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். சக்கரம் சுழலும், கார் நகராது. ரேடியேட்டர் சூடாகாமல் இருக்க எதிரே பிரம்மாண்டமான ஃபேன். எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு மைக், இன்ஜின் காற்றை உறிஞ்சும் இடத்தில் ஒன்று, கேபினுக்குள் டிரைவர் தலை இருக்கும் உயரத்தில் இன்னொன்று. டிரைவர் ஆர்பிஎம்-ஐ மெல்ல மெல்ல ஏற்றுகிறார், ஓரிடத்தில் அப்படியே நிறுத்திப் பிடிக்கிறார், மறுபடி ஏற்றுகிறார். ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி 5,000 ஆர்பிஎம்-இல் வரும் சத்தம் வேறு. காலை எடுத்தபின் இறங்கிவரும்போது அதே 5,000-இல் வரும் சத்தம் வேறு. முன்னது உறுமல். பின்னது ஒரு பொருமல், ஊடே படபட வெடி. இரண்டையும் தனித்தனியே பிடித்தாக வேண்டும். பிறகு நம் கால் பெடலில் எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்துப் பார்த்து, அந்தத் துண்டுகளை சாஃப்ட்வேர் தையல் தெரியாமல் இணைக்கிறது. ரேஸ் காரின் நேர்வெட்டுப் பல் கியர்கள் ஊளையிடுமே, அதைத் தனியே காரை ஓட்டிப் பிடிப்பவர்களும் உண்டு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஓட்டாமல் கொள்ளாமல், நிற்கும் காரில் ஆக்ஸிலரேட்டரை மட்டும் மிதித்து மிதித்து ரசிப்பதிலேயே எனக்குப் பல மாலைகள் போயிருக்கின்றன. அத்தனை சுகம்!

இனி டயர். என் கணிப்பில் சிமுலேட்டரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. காரின் நான்கு டயர்களும் ரோட்டைத் தொடும் இடம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம்தான். அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் இத்தனை வேகமும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் பசேய்கா, டயர் எவ்வளவு நழுவினால் எவ்வளவு பிடிப்பு கிடைக்கும் என்பதைக் கணக்காகத் தரும் ஒரு சமன்பாட்டைக் கொடுத்தார். ‘மேஜிக் ஃபார்முலா’ என்றே அதற்குப் பெயர். சிமுலேட்டர் எழுதுபவர்களில் அதைத் தொடாதவர்கள் குறைவு. அசெட்டோ கோர்ஸா இந்த மாதிரிக் கணக்குகளை ஒரு விநாடிக்கு 333 முறை போடுகிறது. ஐரேஸிங் 360 முறை.

அந்தக் கணக்கு கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த ரகசியம். கார் திரும்பும்போது டயர் ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. முறுக்கின ரப்பர் நேராகப் பார்க்கும். அந்த இழுப்புதான் ஸ்டீயரிங்கின் கனம். வேகம் கூடக் கூட, ரோட்டைத் தொடும் பகுதியின் பின்பாதி முதலில் வழுக்கத் தொடங்கும்; நேராக்கும் இழுப்பு குறையும்; ஸ்டீயரிங் இலகுவாகும். இங்கேதான் அற்புதம். பிடிப்பு உச்சத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இந்த இலகுத்தன்மை வந்துவிடுகிறது! ‘இதற்கு மேல் கேட்காதே’ என்று டயர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கியர் வைத்த பழைய ஸ்டீயரிங்குகளில் அந்தச் சேதி கரகரப்பில் பாதி அமுங்கிவிடும். மோட்டாரின் தண்டிலேயே நேராக ஸ்டீயரிங்கைப் பூட்டும் டைரக்ட் டிரைவ் வந்தபின் துல்லியமாகக் கேட்கிறது. பிரேக்கிலும் இதே புரட்சி நடந்திருக்கிறது. லோடு செல் வைத்த பெடல், கால் எவ்வளவு தூரம் போனது என்று பார்ப்பதில்லை. எவ்வளவு அழுத்தியது என்று பார்க்கிறது. நிஜ காரின் பிரேக் பெடலும் நம் காலின் அழுத்தத்துக்குத்தானே கட்டுப்படுகிறது!

சிமுலேட்டரால் தர முடியாதது ஒன்று உண்டு. பிரேக் அடித்தால் உடம்பு முன்னே பாய்வதும், வளைவில் விலா எலும்பு சீட்டில் போய் அழுந்துவதும் வீட்டு நாற்காலியில் நடக்காது. இதற்கும் ஒரு குறும்பான வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சீட்டும் ஸ்டீயரிங்கும் பூட்டிய நகரும் ரிக்குகள், நாம் பிரேக் அடிக்கும்போது சீட்டை முன்பக்கம் மெல்லச் சாய்க்கின்றன. கண் திரையில் இருப்பதால் சாய்வது தெரியாது. புவியீர்ப்பு முன்னே இழுப்பதை, ‘ஆகா, பிரேக் பிடிக்கிறது’ என்று மூளை எடுத்துக்கொள்கிறது! உடம்பை ஏமாற்றுகிறோம் என்று தெரிந்தே ஏமாறுகிறோம். அதில் என்ன ஒரு குதூகலம்!

ஃபார்முலா ஒன் அணிகளுக்கோ சிமுலேட்டர் பிழைப்பு. சீசன் நடுவே டிராக்கில் டெஸ்ட் ஓட்டக் கூடாது என்று 2009-இல் கட்டுப்பாடு வந்ததும் எல்லோரும் சிமுலேட்டர் பக்கம் சாய்ந்தார்கள். வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்து, ரேஸ் நடக்கும் ஊரில் டிரைவர் தூங்கப் போன பிறகு, அணியின் தொழிற்சாலையில் இன்னொரு டிரைவர் ராத்திரி வேலைக்கு உட்காருவார். விங் கோணம், ஸ்பிரிங், காரின் உயரம் என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பார். விடிவதற்குள் பதில் போய்ச் சேர்ந்துவிடும். மெர்சிடீஸ் அணிக்குப் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தவர் முன்னாள் ஃபார்முலா ஒன் டிரைவர் ஆண்டனி டேவிட்சன். மேடையில் ஷாம்பெயின் தெறிக்கும்போது அவர் படத்தில் இருக்க மாட்டார். எனக்கோ அவரைத்தான் முதலில் தேடத் தோன்றும்.

கதவுகள் உள்பக்கம் மட்டும் திறப்பதில்லை. 1997-இல் ‘கிரான் டூரிஸ்மோ’ விளையாட்டைப் படைத்த கஸுனோரி யமவுச்சி, திரையிலிருந்து எழுந்து நேராக நியூர்பர்க்ரிங் 24 மணி நேர ரேஸுக்கே போய்விட்டார். 2011-இல் நிஸான் ஜிடி-ஆர் ஓட்டிய அவர் அணி தன் பிரிவில் ஜெயித்தது! அதே ஆர்35 ஜிடி-ஆர் காரின் டாஷ்போர்டில் டர்போ அழுத்தம், ஆயில் சூடு எல்லாம் காட்டும் திரையை வடிவமைத்ததும் அவருடைய ஸ்டூடியோதான். விளையாட்டுக்குள் கார் போன கதை தெரியும்; காருக்குள் விளையாட்டு வந்து உட்கார்ந்த கதை இது.

விளையாடியவர்களும் வந்தார்கள். ‘கிரான் டூரிஸ்மோ’ ஆட்டக்காரர்களுக்காக 2008-இல் தொடங்கிய ‘ஜிடி அகாடமி’ போட்டியின் முதல் வெற்றியாளர் ஸ்பெயினின் லூக்காஸ் ஓர்டோனியெஸ், மூன்றே ஆண்டுகளில் லெ மான் 24 மணி நேர ரேஸில் எல்எம்பி2 பிரிவில் இரண்டாம் இடம். 2011-இல் ஜெயித்த ஜான் மார்டன்பரோ 2013 லெ மானில் அதே பிரிவில் மூன்றாம் இடம். அவர் வாழ்க்கையை வைத்து 2023-இல் படம் எடுத்தபோது, தன் வேடத்தில் நடித்தவருக்கு டூப்பாகக் கார் ஓட்டியவரும் அவரே! ஃபார்முலா ஒன் டிரைவர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2024 மே மாதம் இமோலாவில் நிஜ ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டிய அதே வார இறுதியில், ஐரேஸிங்கின் நியூர்பர்க்ரிங் 24 மணி நேர ரேஸிலும் தன் அணியோடு ஓட்டினார். இரண்டிலும் வெற்றி! 2025 செப்டம்பரில் நிஜ நார்ட்ஷ்லைஃபவில் ஃபெராரி 296 ஜிடி3 ஓட்டி ஜெயித்தபோது, பக்கத்தில் நின்ற கூட்டாளி கிறிஸ் லுல்ஹாம், சிம் ரேஸிங்கில் வளர்ந்த பிள்ளை.

என் ஹேட்ச்பேக்குக்கும் இதில் பங்கு உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் நிதானமாக ஏறும்போது என் கண் பானெட்டுக்கு முன்னால் உள்ள ரோட்டில் நிற்பதில்லை. வளைவு முடியும் இடத்தைத் தேடிப் போகிறது. பிரேக்கை வெடுக்கென்று விடாமல் படிப்படியாக விடுகிறேன். காரின் எடை முன்னிருந்து பின்னுக்கு வழிவது இடுப்பில் தெரிகிறது. வேகமாக ஓட்ட அல்ல, கார் என்ன சொல்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது என் சிமுலேட்டர். நிஜ கார் பதிலுக்குத் தருவது ஏராளம்: சூடான பிரேக்கின் வாடை, ஜன்னல் வழியே வரும் மிளகுக்கொடிக் காற்று. இரண்டில் எது உசத்தி என்ற சண்டையில் எனக்கு ஆர்வமே இல்லை. ஒன்றில் தெரிந்துகொண்டதை இன்னொன்றில் சரிபார்க்கிறேன். அந்தப் போக்குவரத்தில்தான் மொத்த ருசியும்.

தெருவும் ரேஸும் இப்படிக் கொடுத்து வாங்குவது கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் புதுசாக இருக்காது. மாருதி 800 இன்ஜினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கியவர் அந்த ஊரின் எஸ். கரிவரதன். தெருவில் ஓடும் இன்ஜினைக் கொண்டே ரேஸ் கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கார்களில் ஓட்டத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் பெயரில் 2003-இல் செட்டிபாளையத்தில் திறந்ததுதான் 2.1 கிலோமீட்டர் கரி மோட்டார் ஸ்பீட்வே. கையில் இருக்கும் சாமானை வைத்து ரேஸைப் பையன்கள் பக்கம் கொண்டுவரும் அவருடைய வேலையை இன்று ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ஸ்டீயரிங்கும் தொடர்கின்றன என்று நான் நம்புகிறேன். செட்டிபாளையத்துக்கு யாராவது லேசர் ஸ்கேனரோடு வருவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முக்காலி தூக்க நான் தயார்!